பெத்லகேம் கிணற்றுத் தண்ணீரும் பெங்களூர்க் குழாய்த் தண்ணீரும்



இம்மாதம், நாம் ஒவ்வொரு நாளும் கையாளுகிறதும், ஆனால் வேத வெளிச்சத்தில் அதிகமாய்ச் சிந்தித்துப் பாராததுமான ஒரு காரியத்தைத் தியானிப்போம். அது நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர்.

2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில் 13 முதல் 17 வரையுள்ள வசனங்களை உங்கள் வேதாகமத்தில் வாசித்துக்கொள்ளுங்கள். அது அறுப்புக் காலம். தாவீது அதுல்லாம் கெபியில் இருக்கிறான். பெலிஸ்தரின் தாணையமோ அவன் பிறந்து வளர்ந்த பெத்லகேமிலேயே இருக்கிறது. அந்த வேளையில், தன் ஊர் வாசலில் இருக்கும் கிணற்றுத் தண்ணீரின்மேல் அவனுக்கு ஆவல் பிறக்கிறது. அதை அவன் வாய்விட்டுச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த மூன்று பராக்கிரமசாலிகள் சத்துருவின் பாளயத்திற்குள் துணிந்து புகுந்து, அந்தக் கிணற்றில் மொண்டு, தங்கள் தலைவனிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் தாவீது அதைக் குடிக்கவில்லை. தங்கள் பிராணனைப் பொருட்படுத்தாமல் போன மனுஷருடைய இரத்தமாக அதை எண்ணி, கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான்.

தாவீது கண்டது என்ன?

பாத்திரத்தில் இருந்தது வெறும் தண்ணீர்தான். ஆனால் தாவீது அந்தத் தண்ணீரோடு, அதைக் கொண்டுவந்த மனுஷரையும் கண்டான். அவர்கள் நடந்த தூரத்தையும், பட்ட பாட்டையும், ஏற்ற ஆபத்தையும் கண்டான். ஆகையால் அது அவனுக்கு மலிவான பொருளாகத் தோன்றவில்லை. தாவீதின் இந்தக் கண் இன்று பெங்களூரில் வாழும் தேவபிள்ளைகளுக்கு மிகவும் அவசியம். குழாயைத் திறந்தவுடன் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய பிரயாசத்தினால் வருகிறது என்பதை அறியாதவன் அதை வீணாக்குவான். அறிந்தவனுக்கோ அதை வீணாக்க மனம் வராது.

நம் குழாயின் பின்னால் இருப்பவை

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டு நகரம். வருஷம் முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. ஆகையால் முன்னோர் மழைநீரைத் தேக்க ஏரிகளை வெட்டினார்கள். இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கும் இடத்தில் தர்மாம்புதி ஏரி இருந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரியாக இருந்தது. ஏரிகள் போதாமற்போனபோது, 1890களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933ஆம் ஆண்டு முதல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதுவும் போதவில்லை. 1974ஆம் ஆண்டில் காவிரித் தண்ணீர் முதன்முதலாக நகரத்தை வந்தடைந்தது.

அந்தக் காவிரி நம் வீட்டிற்கு வருகிற வழி சாதாரணமானதல்ல. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஹாரோஹள்ளி, தாதகுனி என்னும் இடங்களில் மீண்டும் மீண்டும் பம்பு செய்யப்பட்டு, 300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை ஏறி வருகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 300 மீட்டர் தூக்குவதற்கு, குழாயின் உராய்வையும் இயந்திரத்தின் இழப்பையும் கணக்கில் சேர்க்காவிட்டாலும், ஏறத்தாழ 0.8 யூனிட் மின்சாரம் வேண்டும். இரவும் பகலும் பம்புகளைக் காக்கும் ஊழியர்களும், வீதி வீதியாய் வால்வு திறக்கிறவர்களும், உடைந்த குழாயைச் சேற்றில் இறங்கிச் சரிசெய்கிறவர்களும் இதற்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

இன்னும் ஒரு கூட்டத்தாரும் உண்டு. காவிரி மண்டியாவின் கரும்புக்கும் தஞ்சையின் நெல்லுக்கும் உரிய ஆறு. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைக்கப்பட்டது. கர்நாடகத்திற்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்றே கொடுக்கப்பட்டது. தாகத்திற்கு முதலிடம் கொடுப்பது நியாயமே. ஆனாலும் நாம் குடிக்கிற தண்ணீர் ஏதோ ஒரு வயலுக்குப் பாயாமற்போன தண்ணீர் என்பதை மறக்கக் கூடாது. நம்மில் அநேகர் சேலத்திலிருந்தும், தருமபுரியிலிருந்தும், திருச்சியிலிருந்தும், தஞ்சையிலிருந்தும் பிழைப்புக்காக இந்நகரத்திற்கு வந்தவர்கள். ஊரில் நம் சொந்த பந்தங்கள் எந்த ஆற்றை எதிர்நோக்கியிருக்கிறார்களோ, அதே ஆறுதான் இங்கே நம் வாளியில் விழுகிறது.

2023லும் 2024லும் நடந்தவை

2023ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அவ்வருஷம் ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்குத் திறக்கப்பட்ட மேட்டூர் அணை, நீரின்றி அக்டோபர் மாதத்திலேயே மூடப்பட்டது. டெல்டாவில் குறுவைப் பயிர் வாடியது. அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் பெங்களூரிலும், 29ஆம் நாள் கர்நாடகம் முழுவதிலும் காவிரிக்காகக் கடையடைப்பு நடந்தது. அடுத்த கோடையில் பஞ்சம் நம் வாசலுக்கே வந்துவிட்டது. நகரத்திற்கு நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர் தேவை என்றும், அதில் 50 கோடி லிட்டர் குறைவுபடுகிறது என்றும், ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்றும் 2024 மார்ச் மாதத்தில் முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார்.

அந்நாட்களில் டேங்கர் தண்ணீரின் விலை ஏறியதால், ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்று அரசாங்கமே விலை வரையறுக்க நேர்ந்தது. குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவுவதும், தோட்டத்திற்குப் பாய்ச்சுவதும் தடைசெய்யப்பட்டு, மீறுகிறவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சில நாட்களுக்குள் 22 குடும்பங்களிடமிருந்து 1.1 லட்சம் ரூபாய் வசூலிக்கப்பட்டது.

2024 அக்டோபர் 16ஆம் நாள் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவரும் திட்டம் அது. மாநகராட்சியோடு இணைக்கப்பட்டும் பல்லாண்டுகளாகக் காவிரி நீரைக் காணாதிருந்த 110 கிராமப் பகுதிகளுக்கென்று அது ஏற்படுத்தப்பட்டது. இதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனாலும் குழாய் நீண்டதேயன்றி ஆறு பெருகவில்லை. ஆகையால்தான் 2025 பிப்ரவரியில், கோடை தொடங்குமுன்னே, வாகனம் கழுவுவது முதலானவற்றிற்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாதென்று குடிநீர் வாரியம் மறுபடியும் தடை விதித்தது.

தாவீது ஊற்றினானே என்றால்?

யாராவது ஒருவர் கேட்கலாம்: "தாவீதே தண்ணீரைத் தரையில் ஊற்றினானே? எலியாவும் மூன்றரை வருஷப் பஞ்சத்திலே கர்மேல் பர்வதத்தில் நாலு குடத்தை மூன்றுதரம் நிரப்பி ஊற்றச் சொன்னானே (1 இராஜாக்கள் 18:33-35)? அதெல்லாம் விரயம் அல்லவா?" நல்ல கேள்வி. அவர்கள் ஊற்றியது தண்ணீர் மலிவு என்பதற்காக அல்ல. அந்த வேளையில் அதைவிட அருமையான பொருள் அவர்கள் கையில் இல்லை என்பதற்காகவே. அருமையானதைத் தேவனுக்குக் கொடுப்பது காணிக்கை. அருமையானதை அருமையென்று அறியாமல் சாக்கடைக்குக் கொடுப்பது விரயம். ஊற்றுகிற கை ஒன்றுபோலத் தோன்றினாலும், ஊற்றுகிற இருதயம் வேறு.

வேறொருவர், "கர்த்தர் மழையைத் தருகிறவர், ஜெபித்தால் போதாதா?" என்று சொல்லலாம். ஜெபிக்கத்தான் வேண்டும், மழைக்காக உபவாசிப்பதும் நல்லதே. ஆனால் ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பெருகப்பண்ணின நம் ஆண்டவர், யாவரும் திருப்தியானபின்பு மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவைக்கும்படி சீஷருக்குக் கட்டளையிட்டார் (யோவான் 6:12). மறுபடியும் பெருகப்பண்ண அவரால் கூடாதா? கூடும். ஆனாலும் ஒன்றும் சேதமாய்ப் போவதை அவர் விரும்பவில்லை. அற்புதத்தை விசுவாசிக்கிறவனே துணிக்கைகளையும் பொறுக்குகிறான். மழைக்காக முழங்காற்படியிட்டுவிட்டு, எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டபடி பல் துலக்குகிறவனுடைய ஜெபத்திற்கும் அவன் கைக்கும் உடன்பாடில்லை.

வீட்டில் செய்யவேண்டியவை

உக்கிராணத்துவம் பிரசங்கத்தோடு முடிகிற காரியமல்ல. ஆகையால் சிலவற்றை வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

முதலாவது, ஒழுகும் குழாய். நிமிடத்திற்கு ஒரு மேசைக்கரண்டி அளவு, அதாவது 15 மில்லிலிட்டர் மட்டுமே சொட்டுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல். ஒரு வருஷத்தில் 7,800 லிட்டருக்கு மேல். ஒரு டேங்கர் லாரியை நிரப்பி மீதியும் உண்டு. ஒரு சிறிய வாஷரை மாற்றினால் இது நின்றுபோகும். குடும்பத் தலைவர்களே, இந்தச் சனிக்கிழமையே உங்கள் வீட்டுக் குழாய்களைச் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது, மோட்டார். நிமிடத்திற்கு 40 லிட்டர் ஏற்றுகிற மோட்டாரை, தொட்டி நிரம்பியபின்பும் பத்து நிமிடம் மறந்துவிட்டால் 400 லிட்டர் மாடியிலிருந்து வழிந்தோடும். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் அளவுகோல். அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று பேருடைய ஒருநாள் தண்ணீர் தெருவில் போயிற்று. தொட்டி நிரம்பினதும் தானாக நிற்கும் சுவிட்சோ, ஒலியெழுப்பும் கருவியோ பொருத்திக்கொள்வது நலம்.

மூன்றாவது, குளியல். நிமிடத்திற்குப் பத்து லிட்டர் கொட்டும் ஷவரின் கீழே பத்து நிமிடம் நின்றால் 100 லிட்டர் போய்விடும். ஒரு வாளியும் ஒரு குவளையும் இருந்தால் 20 லிட்டரே போதும். நம் ஊர்களில் நம்மை வளர்த்த தாய்மார் இப்படித்தான் குளிப்பாட்டினார்கள். ஒருவரும் அழுக்காய் இருந்ததில்லை.

நான்காவது, சமையலறை. ஓடுகிற குழாயின் கீழே பாத்திரம் தேய்க்காமல், ஒரு அகன்ற பாத்திரத்தில் ஊறவைத்துத் தேய்த்துப் பின்பு அலசுங்கள். அரிசியும் காய்கறியும் கழுவின நீர் செடிகளுக்குப் போகட்டும். குழாயின் நுனியில் காற்றைக் கலந்து நீரின் அளவைக் குறைக்கும் ஏரேட்டர் என்னும் சிறிய வலைமூடியைப் பொருத்தலாம். 2024இல் வணிக நிறுவனங்களுக்குக் குடிநீர் வாரியம் இதைக் கட்டாயமாக்கியது.

ஐந்தாவது, கழிப்பறை. துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கடைசியாக வெளிவரும் அலசின நீரை வாளியில் பிடித்துவைத்தால், கழிப்பறைக்கும் தரை கழுவுவதற்கும் அது தாராளமாய் உதவும். பழைய பெரிய ஃப்ளஷ் தொட்டி இருந்தால், ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் நீரும் நிரப்பி மூடி, அதற்குள் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சமாகும்.

ஆறாவது, ஆர்.ஓ. கருவி. பல வீடுகளில் ஒரு லிட்டர் குடிநீருக்கு அதனிலும் அதிகமான தண்ணீரை இது கழிவாக வெளியேற்றுகிறது. ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் இக்கருவியைத் தடைசெய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியது. காவிரித் தண்ணீரில் உப்பு குறைவு. காய்ச்சி வடிகட்டிக் குடிப்பதே பெரும்பாலும் போதும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்காக இக்கருவியை வைத்திருப்போர், கழிவு நீரைப் பிடித்துத் தரை துடைக்கப் பயன்படுத்தலாம்.

ஏழாவது, மழை. சொந்த வீடு உள்ளவர்களுக்கு இதைச் சொல்லுகிறேன். ஆயிரம் சதுர அடி மாடியில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 83,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. பெங்களூரில் ஒரு வருஷத்தில் ஏறத்தாழ அந்த அளவுக்கு மழை பெய்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு 2009 முதல் கட்டாயம். சட்டத்திற்காகக் குழாயை மட்டும் வைத்துவிட்டு, வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடாதிருங்கள்.

யார் சுமந்த தண்ணீர்?

சகோதரரே, இங்கே ஒரு வார்த்தை. ஒரே வளாகத்தில் ஐந்தாறு குடித்தனங்களாய் வாழும் வாடகை வீடுகள் நமக்குத் தெரியாதவையல்ல. அநேக வீதிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. அதுவும் நள்ளிரவிலோ விடியுமுன்னோ வருகிறது. விழித்திருந்து குடங்களை நிரப்பி மாடிப்படியேறுகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுச் சகோதரிகள். பின்பு அவர்கள் வேலைக்கும் போகிறார்கள். அவர்கள் சுமந்த தண்ணீரை, இரவெல்லாம் உறங்கி எழுந்தவன் கணக்கின்றிக் கொட்டுவானானால், அவன் தாவீதின் வழியில் நடக்கிறவன் அல்ல. மொண்டு வந்த பராக்கிரமசாலிகளை அறிந்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருத்தி உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். அடுத்தமுறை குடம் சுமக்க நீங்களும் எழுந்திருங்கள்.

பொதுவான சம்ப்பிலிருந்து முதலில் எடுக்கிறவர்கள் கடைசி வீட்டாரை நினைக்கட்டும். தெளிந்த தண்ணீரைத் தாங்கள் குடித்துவிட்டு மீதியைக் கால்களால் குழப்பிப்போட்ட ஆடுகளைக் குறித்து எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் கர்த்தர் நியாயம் விசாரிக்கிறார். அங்கே குற்றம் தண்ணீர் குடித்தது அல்ல. பின்னால் வருகிறவர்களை நினையாதது.

சபையிலும் தொடங்கட்டும்

நாம் முழுக்கு ஞானஸ்நானத்தை விசுவாசிக்கிறவர்கள். எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள தொட்டியில் மூன்றரை அடி உயரத்திற்கு நிரப்பினால் ஏறத்தாழ 4,000 லிட்டர் ஆகிறது. ஆராதனை முடிந்ததும் அடைப்பை எடுத்துவிட்டுச் சாக்கடைக்கு விடாமல், ஆலயத்தின் கழிப்பறைக்கும், தரை கழுவுவதற்கும், மரங்களுக்கும் அதைப் பயன்படுத்தலாம். அண்டைச் சபைகள் சேர்ந்து ஒரே நாளில் ஞானஸ்நான ஆராதனை நடத்தினால் ஒரே தொட்டி போதும், ஐக்கியமும் பெருகும். அன்பின் விருந்துகளில் பாதி குடித்து வைக்கப்படும் தண்ணீர் பாட்டில்கள் எத்தனை! பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வேண்டிய அளவு மொண்டு குடிக்கப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்பியுங்கள்.

ரெகொபோத்தை நோக்கி

இந்நகரம் காவிரிக்காக இரத்தம் சிந்தின நகரம். 1991 டிசம்பரில் தமிழர் தாக்கப்பட்டு, வீடுகளை விட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பர் 12ஆம் நாள் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. அந்த நாட்களை அறிந்தவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். நதிநீர் வழக்கைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. நாம் இங்கே மிச்சப்படுத்தும் ஒரு வாளி நேராக மேட்டூருக்குப் போய்ச் சேரவும் போவதில்லை. ஆனால் அது நம் வீதியின் கடைசி வீட்டுக்கு எட்டும். அந்த வீட்டில் இருப்பவர் கன்னடராகவும் இருக்கலாம், தமிழராகவும் இருக்கலாம், தெலுங்கராகவும் இருக்கலாம்.

கேராரின் பள்ளத்தாக்கில் ஈசாக்கு கிணறு வெட்டினபோது அவ்வூர் மேய்ப்பர் வாக்குவாதம் பண்ணினார்கள். அந்தக் கிணற்றை அவன் விட்டுவிட்டான். இரண்டாவது கிணற்றுக்கும் சண்டை எழும்பிற்று. அதையும் விட்டுவிட்டு அப்பால் போனான். மூன்றாவது கிணற்றுக்கு ரெகொபோத் என்று பேரிட்டான் (ஆதியாகமம் 26:19-22). அந்நிய தேசத்தில் தங்கியிருந்தவன் தண்ணீருக்காகச் சண்டையிடாமல், இடம் உண்டாகும்வரைக்கும் பொறுமையாய்ப் பாடுபட்டான். முடிவில் அபிமெலேக்கே அவனைத் தேடிவந்து, கர்த்தர் அவனோடேகூட இருக்கிறதைக் கண்டதாக அறிக்கையிட்டான். பிழைக்க வந்த ஊரில் நம்முடைய சாட்சியும் இப்படியே இருக்கட்டும். இந்த விசுவாசிகள் வீட்டுக் குழாய் ஒழுகுவதில்லை, இவர்கள் தொட்டி வழிவதில்லை, தண்ணீர் வராத நாளில் அண்டை வீட்டாருக்கு ஒரு குடம் கொடுக்க இவர்களிடம் எப்போதும் இருக்கிறது என்று நம் அயலகத்தார் சொல்லட்டும். சுவிசேஷம் அந்தக் குடத்தோடும் போகும்.

யாக்கோபின் கிணற்றருகே இளைப்போடு உட்கார்ந்து, ஒரு சமாரிய ஸ்திரீயிடம் தாகத்திற்குத் தண்ணீர் கேட்டவர் நம் ஆண்டவர். ஜீவத்தண்ணீரை அருளுகிறவரே கிணற்றுத் தண்ணீரையும் அற்பமாய் எண்ணவில்லை.

ஜெபிப்போம்: பரலோகப் பிதாவே, மழையையும் ஊற்றுகளையும் எங்களுக்குத் தருகிறவரே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். நாங்கள் குடிக்கிற ஒவ்வொரு குவளைக்குப் பின்னாலும் இருக்கிற மனுஷரைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். காவிரிக்கரையின் இரு மாநில விவசாயிகளையும் ஆசீர்வதியும். எங்கள் கைகள் வீணாக்காமலும், எங்கள் இருதயம் பிறரை மறவாமலும் இருக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.